பழையபடி மவுண்டன் பைக் ஓட ஆசையா? ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கும்போது விடும் பிழைகள்

இளவட்டமாய் இருந்தபோது மேடு பள்ளம் பாராமல் சைக்கிள் ஓடியவர்கள், வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஒதுங்கிவிட்டு நாற்பதுக்குப் பிறகு திரும்பி வரும்போது கண் முதலில் போவது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் அமைப்பு, உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில்தான். முழங்காலும் முதுகும் பழையபடி இல்லை, காசு கொஞ்சம் கையில் இருக்கிறது, ஆகவே ஆசையில் தப்பில்லை. ஆனால் பெரும்பாலான பிழைகள் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. வீடியோவில் பார்த்த மலைக்காக வண்டி எடுக்கிறோம், ஓடப்போவதோ யாழ்ப்பாணத்தில்.

சக்கரம் எவ்வளவு தூரம் மேலே போய்க் கீழே வரும் என்பதைத்தான் டிராவல் என்கிறார்கள். 100 முதல் 120 மி.மீ. வரை உள்ளவை வேகமாக மிதித்துப் போக. 120 முதல் 150 வரை சாதாரண டிரெயில் வண்டிகள். 160, 170 என்றால் செங்குத்தான இறக்கத்தில் பாறை மேல் பாய்ந்து இறங்குவதற்கு. இந்தக் கடைசி வகையைத்தான் பலர் எடுக்கிறார்கள், பெரிய எண் நல்லது என்ற நினைப்பில். வண்டி 15, 16 கிலோ இருக்கும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து நிற்பதால் இறக்கத்தில் நம்பிக்கை தரும் அதே வண்டி, சமதரையில் மெதுவாக ஓடும்போது ஹாண்டில் ஒரு பக்கம் விழுவதுபோல் அலையும். எங்கள் குடாநாடோ சப்பை. ஏ9 வீதியில் 320 கிலோமீற்றர் போனால்தான் கண்டி வரும், அந்தப் பக்கம்தான் ஹந்தானை, நக்கிள்ஸ் மலைகளும். வருடத்தில் ஓரிரு தடவை போகும் மலைக்காக மற்ற நாளெல்லாம் அந்தப் பாரத்தை ஒழுங்கை ஒழுங்கையாக மிதிப்பானேன்? இங்கே 120, 130 மி.மீ. போதும். தீவுப் பக்கம் முருகைக்கல் துருத்தி நிற்கும் பாதையில் இருந்தபடியே மிதிக்க அது நல்ல சுகம், மலைக்குக் கொண்டுபோனாலும் சமாளிக்கும்.

மணலுக்கு சஸ்பென்ஷன் உதவும் என்று நினைப்பதும் வீண். மணற்காட்டுச் சவுக்குத் தோப்புப் பக்கம் போனால் தெரியும், அங்கே வண்டியைத் தாங்குவது ரயர்தான். 2.4 அங்குலமோ கூடவோ அகலமான ரயர், குறைந்த காற்று. பிரேமின் பின்பக்கம் அந்த அகலத்துக்கு இடம் விடுகிறதா என்று வாங்கமுன் பார்க்க வேண்டும். பனங்காணிக்குள் போகிறவர்கள் ரியூப் இல்லாமல் ரயருக்குள் அடைப்புத் திரவம் ஊற்றும் ரியூப்லெஸ் போடுவது நல்லது. முள் குத்தினால் அந்தத் திரவம் தானே அடைத்துவிடும். கருக்குமட்டை ரயரின் பக்கவாட்டைக் கீறினால் அதுவும் கைவிட்டுவிடும், ஆகவே பக்கம் தடித்த ரயராகப் பாருங்கள். எங்கள் வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துபோகும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் 'முன்னும் பின்னும் ஸ்பிரிங்' சைக்கிள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங் மட்டுமே இருக்கும், அதன் துள்ளலை அடக்கும் எண்ணெய் டாம்பர் இருக்காது. மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு சீற்றை மேலும் கீழும் ஆட்டுவதிலேயே போய்விடும். அதே காசுக்கு முன்பக்கம் மட்டும் நல்ல ஃபோர்க் உள்ள ஹார்ட்ரெயில் எடுக்கலாம். உண்மையைச் சொன்னால், மலைக்குப் போகிற எண்ணமே இல்லாதவருக்கு யாழ்ப்பாணத்தில் எப்படியும் ஹார்ட்ரெயில்தான் என் சிபாரிசு.

அடுத்தது வெளிநாட்டிலிருந்து வரும் பழைய வண்டி. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா தான் ஓடியதைக் கொடுத்து அனுப்புகிறேன் என்கிறார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்குங்கள், ஆனால் முதலில் சில படங்கள் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 26 அங்குலச் சக்கரம் என்றால் நல்ல ரயரும் ஃபோர்க்கும் தேடுவதே பெரும்பாடு, இப்போது சந்தை 29க்கும் 27.5க்கும் போய்விட்டது. பின் அச்சும் மாறிவிட்டது. பழையது 135 மி.மீ., இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் 148. பின்பக்கக் குலுக்கலைத் தாங்கும் ஷொக்கின் நீளமும் 2016க்குப் பிறகு வேறு அளவு முறைக்கு வந்துவிட்டது. ஷொக் பழுதானால் அதே அளவில் இன்னொன்று கிடைக்குமா என்பதுதான் கேட்கவேண்டிய முதல் கேள்வி. வண்டி கைக்கு வந்ததும் சீற்றைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். சக்கரம் நிலத்தை விட்டு எழமுன் 'டக்' என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் இணைப்புகளின் பெயாரிங்கோ ஷொக்கின் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஷொக்கின் பளபளப்பான தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் காற்றோ எண்ணெயோ கசியப்போகிறது என்று அர்த்தம். பிறேக்கும் கவனம்: ஷிமானோ நிறுவனத்தின் பிறேக்குகளுக்கு மினரல் எண்ணெய், ஸ்ராம் நிறுவனத்தின் பல பிறேக்குகளுக்கு டொட் என்ற பிறேக் திரவம். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளே சீல் கெட்டுவிடும்.

அளவில் பழைய ஆட்கள் வழக்கமாக விடும் பிழை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கவட்டுயரம் பார்த்து பிரேம் எடுத்தோம், ஹாண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் நீளமாக இருந்தது. இப்போது பிரேமை முன்னுக்கு நீட்டி, ஸ்டெம்மை 35 முதல் 50 மி.மீ. ஆகக் குறைத்து, ஹாண்டிலை 760, 800 மி.மீ. வரை அகலமாக்கிவிட்டார்கள். முதல் தடவை ஏறினால் என்னவோ போல இருக்கும். உடனே ஓர் அளவு சின்னதை எடுப்பவர்களும், நீள ஸ்டெம் பூட்டுபவர்களும் உண்டு. அவசரப்படாமல் சில கிழமை ஓடிப்பாருங்கள், கை பழகிவிடும். பிரேம் அளவைப் பார்க்கும்போது சீற் குழாயின் நீளத்தை விட்டுவிட்டு 'ரீச்' என்ற எண்ணைப் பாருங்கள், அதாவது மிதி அச்சிலிருந்து ஹாண்டில் நிற்கும் குழாயின் மேல்முனை வரை முன்னோக்கிய தூரம். சீற்றை ஓடிக்கொண்டே இறக்கும் டிரொப்பர் போஸ்ட்டை ஆடம்பரம் என்று வெட்டாதீர்கள். பயம் கொஞ்சம் கூடிவிட்ட வயதில் இறக்கத்தில் உடம்பைத் தாழ்த்த அதுதான் வழி விடும்.

வண்டி வந்தாயிற்று, சரி. ஏறி உட்கார்ந்ததும் அது எவ்வளவு அமுங்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இதற்கு சாக் என்று பெயர். பின்பக்கம் 25 முதல் 30 வீதம், முன்பக்கம் 15 முதல் 20 வீதம் அளவில் தொடங்கலாம். பின்பக்கக் கணக்கைச் சக்கரத்தின் டிராவலில் போடக்கூடாது, ஷொக்கின் தண்டு அமுங்கும் தூரத்தில்தான் போடவேண்டும். 50 மி.மீ. தண்டுக்கு 15 மி.மீ. என்றால் 30 வீதம். தலைக்கவசம், தண்ணீர்ப்பை எல்லாம் போட்டுக்கொண்டு அளக்கவும். உள்ளே காற்றைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்யவென்று சின்ன ஷொக் பம்ப் இருக்கிறது, அதை வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள். ரயர் கடைக் கொம்பிரசரைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

இங்கே வண்டியைத் தின்பது உப்புக்காற்றுத்தான். ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பக்கம் பெயாரிங்குகள் கூட, அத்தனைக்கும் துரு ஆபத்து. ஆகவே இணைப்புகள் குறைந்த, எளிய வடிவமைப்பாகப் பார்ப்பது புத்தி. கடற்கரை ஓட்டத்துக்குப் பிறகு தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி உடனே துடைக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அப்படியே காயவிட்டால் வெள்ளை படியும். அழுத்தக் குழாயால் பெயாரிங்குக்கு நேரே அடித்தால் உள்ளிருக்கும் கிறீஸ் போய்விடும். ரொக்ஷொக்ஸ் நிறுவன ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற 50 மணி நேர ஓட்டம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மணலிலும் உப்பிலும் ஓடுபவர் அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

கடைசியாக, இருக்கிற காசு முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். சீல் கிற், பிறேக் பாட், பின் கியரைத் தாங்கும் சின்ன ஹாங்கர் எல்லாவற்றையும் முதல் நாளே சேர்த்து எடுத்துவிடுங்கள். ஹாங்கர் பிரேமுக்குப் பிரேம் வேறு விதமாய் இருந்த பொருள். 2019இல் ஸ்ராம் பொதுவான வடிவம் ஒன்றைக் கொண்டுவந்த பிறகு நிலைமை கொஞ்சம் லேசு, ஆனாலும் உங்கள் பிரேமுக்கு அது பொருந்துமா என்று கேட்டுவிட்டு இரண்டாக வாங்குங்கள்.