கிளாஸ்ல பேசாத பிள்ளைகிட்ட தினமும் 2 நிமிஷம்

நீலகிரி பக்கம் ஸ்கூல்ல வேலை பாக்குற டீச்சர்களுக்கு ஒரு குறிப்பு, புதுசா டிரான்ஸ்ஃபர்ல வந்தவங்களுக்கு ரொம்பவே உதவும். வாயே திறக்காத, இல்லன்னா எப்பவும் வம்பு பண்ற ஒரு பிள்ளைய எடுத்துக்கோங்க. தினமும் 2 நிமிஷம், தொடர்ந்து 10 ஸ்கூல் நாள், பாடத்த விட்டுட்டு சும்மா பேசுங்க. மார்க், ஹோம்வொர்க், அட்வைஸ் எதுவும் வேணாம், அட்வைஸ் ஆரம்பிச்ச உடனே பிள்ள உஷாராயிடும்.

என்ன பேசுறதுன்னா, ராத்திரி உங்க எஸ்டேட் லைன் வீட்டுப் பக்கம் காட்டுமாடு வந்துச்சா, அம்மா இன்னைக்கு எந்தப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்குறாங்க, அவ்ளோதான். வீட்ல படுகு, அதாவது படுகர் பாஷை, பேசுற பிள்ளைன்னா நாலு வார்த்தை சொல்லித்தரச் சொல்லுங்க, நீங்க தப்பா சொல்லி அது திருத்தட்டும், டீச்சருக்கே நாம சொல்லித்தர்றோம்னு அந்த முகத்துல வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்கப்புறம் கணக்குல டவுட்டுன்னா தானா எழுந்து வந்து கேக்கும். கூடலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் மாதிரி பழங்குடிப் பிள்ளைங்க வீட்ல பேசுற பாஷையே வேற, புக்குல இருக்குற தமிழ் அவங்களுக்குப் புதுசு, அமைதியா இருக்குறத திமிருன்னு தயவுசெஞ்சு நினைச்சிடாதீங்க.

இன்னொன்னு, ஜூன் ஜூலை மழையில பஸ் லேட்டாகி நனைஞ்சு நடுங்கிட்டு வர்ற பிள்ளைய வாசல்ல நிக்க வெச்சு ஏன் லேட்டுன்னு கேக்காதீங்க. ஈர ஸ்வெட்டர கழட்டி காயப்போட்டு உக்காரச் சொல்லுங்க, மத்ததெல்லாம் இன்டர்வெல்ல தனியா கேட்டுக்கலாம்.