ஆறு இழுத்துக்கொண்டு போன தூரம் நீங்கள் நீந்திய தூரம் ஆகாது

போன ஆடியில் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் மூன்று பையன்களைப் பார்த்தேன். தலையில் நீச்சல் தொப்பி, கையில் ஓட்டக்காரர்கள் கட்டும் வாட்ச். முதல் டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி) பெயர் கொடுத்திருக்கிறார்களாம். படித்துறையில் இறங்கி, ஓட்டத்தோடு கிழக்கே போய்க் கரையேறி, வாட்ச்சைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே தண்ணீரில் நானும் இதைத்தான் செய்தேன்.

பிரேக்கைச் சரிபார், முந்தின இரவு நன்றாகத் தூங்கு என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது ஸ்பிரின்ட் தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அதற்குத் தயாராகும் டெல்டாக்காரர்கள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஆற்றில் நேரம் பார்ப்பது

நம் பக்கம் யாரைக் கேட்டாலும் "நீச்சலா? ஆத்துலயே வளர்ந்தவன் நான்" என்பார்கள். பொய்யில்லை. நமக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் கிடையாது, அது பெரிய சொத்து. ஆனால் ஆற்றில் நாம் பழகியது அக்கரை போய்ச் சேர்வதுதான். தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஓட்டத்தோடு சாய்ந்து போய், கிடைத்த இடத்தில் ஏறிக்கொள்வோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நின்ற தண்ணீரில் வினாடிக்கு 0.6 மீட்டர் போகிறவருக்கு 750 மீட்டர் நீந்த ஏறக்குறைய 21 நிமிடம் ஆகும். ஆறு வினாடிக்கு அரை மீட்டர் ஓடினால், அதே ஆள் அதே தூரத்தைப் பதினொன்றரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். மீதி ஒன்பதரை நிமிடம் காவிரியுடையது. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ஓட்டம் கூடுவதும் குறைவதுமாக இருக்கும், அதனால் போன வாரத்தை விட முன்னேறிவிட்டோமா என்றுகூட அந்த நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

என் முதல் போட்டி ஓர் ஏரியில் நடந்தது. அசையாத தண்ணீர். 300 மீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. தலையைத் தூக்கியே நீந்திப் பழகியதால் கால் கீழே தொங்கியது, தண்ணீர் பின்னால் இழுத்தது. காவலுக்கு நின்ற கயாக் படகை மூன்று முறை பிடித்துக்கொண்டேன் (பிடித்து இளைப்பாறலாம், அதை வைத்து முன்னே போகக்கூடாது). ஆற்றில் கரை எப்போதும் பக்கத்தில் தெரியும், ஏரியில் அதுவும் இல்லை. மிதவையைப் பார்த்து நேராகப் போகத் தெரியாமல் வளைந்து வளைந்து கூடுதல் தூரம் வேறு. கரைக்கு வந்தபோது கட்-ஆஃப், அதாவது நீச்சலை முடிக்கக் கொடுத்த நேரம், முடிந்திருந்தது. சைக்கிளைத் தொட விடவில்லை. பதிவுப் பணமும் வண்டிச் செலவும் போனால் போகிறது, நான்கு மாதம் விடியற்காலையில் எழுந்து உழைத்த உழைப்பு தப்பான இடத்தில் போய்விட்டதே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அந்தப் பையன்களிடம் இதைத்தான் சொன்னேன். "தம்பி, ஆழத்துக்குப் போகாம, கரையை ஒட்டியே மேற்கே பார்த்துக் கொஞ்சம் நீந்துங்க" என்றேன். நன்றாக நீந்தக்கூடிய ஒருவன் கையை வீசி வீசிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அதே படிக்கட்டுலயே இருக்கேன்ணே" என்றான்.

என்ன செய்யலாம்? குளத்தில் பழகுங்கள். 25 மீட்டர் குளத்தில் 30 நீளம் போனால் 750. முதலில் 100 மீட்டர் நீந்தி 20 வினாடி நிற்பது, அதை எட்டு முறை. அப்புறம் நிற்காமல் 400, பிறகு 750. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருக்க வேண்டும்; அடக்கி வைத்தால்தான் நெஞ்சு முட்டும். எட்டுப் பத்துக் கை போட்டதும் ஒரு முறை கண் மட்டும் மேலே வரும்படி நிமிர்ந்து திசை பாருங்கள். குளம் பக்கத்து ஊரில்தான் இருக்கிறதென்றால் வாரம் இரண்டு நாள் பஸ் ஏறிப் போங்கள், அதுவே போதும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடினால், மீதி மாதங்களில் நமக்கு வெறும் மணல்தான்.

ஆற்றில் இறங்கியே தீருவேன் என்றால் கரையில் ஓர் ஆள் நிற்கட்டும், இடுப்பில் மிதவை கட்டிக்கொள்ளுங்கள். மதகு, ரெகுலேட்டர் பக்கம் போகவே வேண்டாம். கல்லணைக் கால்வாயில் கான்கிரீட் சரிவு போட்ட இடங்களில் இறங்காதீர்கள். ஏறுவதற்குப் பிடி இருக்காது.

காற்று தள்ளிய வேகம்

இதுவும் ஆறு மாதிரிதான். ஆடி மாதம் திருவையாற்றிலிருந்து கும்பகோணம் பக்கம் மிதித்தால் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், எனக்கு மணிக்கு 32 கிலோமீட்டர் காட்டும். திரும்பி வரும்போது 20-ஐத் தாண்டாது. போய்வந்த முழுத் தூரத்தின் சராசரியை மட்டும் எழுதி வையுங்கள். இன்னொன்று, நம் ஊர் தட்டை. தஞ்சாவூர் – திருவையாறு சாலையில் ஐந்து ஆற்றுப் பாலங்கள் வருமே, அவைதான் நமக்கு மலை. மேடு உள்ள ஊரில் போட்டி என்றால் அந்தப் பாலங்களில் எழுந்து நின்று மிதிக்காமல், உட்கார்ந்தபடியே ஏறிப் பழகுங்கள்.

சைக்கிள் ஒரு நாள், ஓட்டம் ஒரு நாள்

சேர்த்துச் செய்யாவிட்டால், இறங்கியதும் கால் மரக்கட்டையாகிவிடுவது போட்டியில்தான் தெரியவரும். வாரம் ஒரு முறை சைக்கிளைச் சாத்திவிட்டு உடனே பத்து நிமிடமாவது ஓடுங்கள்.

ஹெல்மெட்

சைக்கிளை எடுப்பதற்கு முன்னால் வாரைப் பூட்டுங்கள். மறந்தால் தண்டனை உண்டு.

புது ஷூ

வேண்டாம்.

அறுவடைச் சாலை

குறுவை அறுப்புக்கும் சம்பா அறுப்புக்கும் பாதிச் சாலையில் நெல் காயும். மெல்லிய டயர் நெல்லில் ஏறினால் வழுக்கிவிடும், நான் முழங்கையில் ஏழு தையல் போட்டிருக்கிறேன். நெல்லைப் போட்டவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர்களுக்குக் களம் இல்லை. அந்த வாரங்களில் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள்.