பாட்டு வகுப்பில் கேலியை அடக்கிய விதம்

என் பாட்டு வகுப்பில் பெரிய தொல்லை சுருதி இல்லை, சிரிப்புதான். யாருக்காவது குரல் பிசிறினால் பின்வரிசை கெக்கலி கொட்டும்; அதோடு அந்தப் பையன் வாயே திறக்க மாட்டான். அதட்டினால் சிரிப்பு கைக்குட்டைக்குள் போகும், அவ்வளவுதான்.

சரி, குரல் ஏன் உடைகிறது என்று முதலில் விளக்கினேன். பையன்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த கீழ் 'ஸ' வரை, இறங்குகிறது. அப்புறம் பாட்டின் சுருதியைக் குறைத்தேன். எட்டாத இடத்தைக் கீழ் ஸ்தாயியில் பாடலாம் என்றேன். பாதிச் சிரிப்பு அங்கேயே அடங்கிவிட்டது.

மீதிக்கு ஒரு விதி. கேட்டவர்கள் வெறுமனே "நல்லா இருந்தது", "நல்லா இல்லை" என்று சொல்லக் கூடாது. எங்கே, என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும்: "இரண்டாவது வரியில் தாளம் ஓடிவிட்டது", "மேல் 'ஸ' சுத்தமாக நின்றது". இதற்குக் காதைத் தீட்டியே ஆக வேண்டும். கேலிக்கு நேரம் கிடைக்காது. தனியாகப் பாட வைப்பதையும் விட்டு, நாலு பேராக நிறுத்தினேன்.

வகுப்பில் சத்தம் மட்டும் குறையவில்லை. இப்போது சண்டை, தாளத்தில் யார் முந்தினார்கள் என்பதில்.