அக்டோபர் பனியை வீட்டில் அளக்கும்போது செய்யக்கூடாதவை

அமெரிக்காவின் கொலராடோவில் போல்டர், ஃபோர்ட் காலின்ஸ் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு முதல் பனி பெரும்பாலும் அக்டோபரிலேயே வந்துவிடும். அளப்பதற்குக் கஷ்டமான பனியும் அதுதான். ஜனவரியில் தரை உறைந்து கிடப்பதால் விழுந்தது பெரும்பாலும் அப்படியே நிற்கும். அக்டோபரில் மண்ணில் சூடு மிச்சம் இருக்கும், மேலே விழ விழ அடியில் உருகிக்கொண்டே போகும். காலையில் புல்வெளியில் ஸ்கேலைக் குத்தி "இரண்டு அங்குலம்" என்று எழுதினால், உருகியது போக மிஞ்சியதைத்தான் எழுதுகிறீர்கள். புல் உயரமாக இருந்தால் இன்னும் குழப்பம், பனி புல்நுனியில் தங்கி நிற்கும், ஸ்கேல் மட்டும் கீழே மண் வரை போய் அதிகமாகக் காட்டும்.

அதனால் பலகை வைத்து அளப்பதே சரி. இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட், மேலே வெள்ளை பெயிண்ட், அவ்வளவுதான். பெயிண்ட் அடிக்காத பலகை வெயிலை இழுத்துப் பனியை உருக்கிவிடும். கூரை, மரம், வேலி எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, பனி தொடங்கும் முன்பே வைத்துவிடுங்கள், பக்கத்தில் ஒரு குச்சியும் நட்டுவையுங்கள், இல்லாவிட்டால் காலையில் தேட வேண்டியிருக்கும். காரின் மேல், மாடிக் கைப்பிடியின் மேல் அளப்பதெல்லாம் வேண்டாம்.

ஆர்வத்தில் பலரும் செய்கிற பெரிய தவறு, மணிக்கொரு முறை அளந்து, துடைத்து, எல்லாவற்றையும் கூட்டுவது. பனி தன் எடையிலேயே அமுங்கும். அடிக்கடி துடைத்தால் அமுங்க நேரமே இருக்காது, கூட்டுத்தொகை ஏறிவிடும். 1997 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் மான்டேக்கில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் என்று பதிவானது, தேசிய சாதனையாக இருந்திருக்க வேண்டியது. ஆனால் அளவுக்கு அதிகமான முறை அளந்து கூட்டியிருந்ததால் அதை ஏற்கவில்லை. வீட்டுக்குத் தினமும் காலை 7 மணிக்கு ஒரு முறை போதும். இடையில் துடைத்தே ஆக வேண்டும் என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். விழுந்த பனி காலைக்குள் உருகிவிடும் போலிருந்தால், பலகையில் அது அதிகபட்சமாக எவ்வளவு உயரம் நின்றதோ அதை எழுதுங்கள்.

அப்புறம் இந்தப் பத்துக்கு ஒன்று கணக்கு. பத்து அங்குலப் பனி உருகினால் ஓர் அங்குலம் தண்ணீர் என்று கண்ணை மூடிக்கொண்டு வகுக்காதீர்கள். அக்டோபரின் ஈரப்பனியில் ஐந்தாறு அங்குலமே ஓர் அங்குலம் தண்ணீர் தரலாம், கடுங்குளிரில் விழும் தூள் பனிக்கு இருபதுக்கு மேலும் தேவைப்படலாம். உருக்கிப் பார்ப்பது ஒன்றே வழி. மழைமானியின் புனலையும் உள்குழாயையும் முதல் பனிக்கு முன்பே கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், பெரிய வெளிக்குழாய் மட்டும் வெளியே நிற்கட்டும். புனலில் பனி அடைத்துக்கொள்ளும், உள்குழாயில் தண்ணீர் உறைந்தால் விரிசல் விடும். வெளிக்குழாயில் சேர்ந்த பனியில் அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, மொத்தத்தை அளந்து, ஊற்றியதைக் கழித்துவிடுங்கள்.

காற்றடித்த நாளில் ஒரே இடத்து அளவை நம்பாமல் நாலைந்து இடத்தில் பார்த்துச் சராசரி எடுங்கள். புதிதாக விழுந்ததையும் தரையில் ஏற்கெனவே கிடப்பதையும் தனித்தனியாக எழுதுங்கள். பனி விழாத நாளில் 0 என்றே எழுதுங்கள். காலியாக விட்டால் பனி இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது. 1997 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு ஃபோர்ட் காலின்ஸில் தொடங்கிய, வீட்டிலிருந்தே மழையையும் பனியையும் அளப்பவர்களின் கோகோராஸ் (CoCoRaHS) தன்னார்வலர் அமைப்புக்கு உங்கள் அளவுகளை அனுப்புவதாக இருந்தால் அந்த 0-வும் அங்கே உண்மையாகவே பயன்படும்.