தலைக்கூத்தல் பற்றிய குற்ற நாவல் ஏமாற்றிவிட்டதா? விமர்சனம் இப்படி எழுதுங்கள்

"போர் அடித்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். கதை எங்கே சறுக்கியது என்று சொன்னால்தான் படிப்பவருக்கும் எழுதியவருக்கும் பயன்.

முதலில் தலைக்கூத்தல் என்கிற வழக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். விருதுநகர், மதுரைப் பக்கம் படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்கக் கொடுத்து, உடம்பு தாங்காமல் இறந்துபோகும்படி செய்துவிடுவார்கள். வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டு ஒரு பெரியவர் தப்பி ஓடியதால்தான் 2010இல் இது செய்திகளில் பெரிதாக அடிபட்டது.

அப்புறம் நாவலுக்கு வாருங்கள். கொலைகாரர் யார் என்பதை எழுத்தாளர் கடைசி அத்தியாயம் வரை மறைத்து வைத்திருக்கிறாரா? அங்கேதான் பெரும்பாலும் கதை கெடுகிறது. சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பி, அவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போகிற சாவில் என்ன மர்மம்? ஊருக்கே தெரியும், யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள், வயசாகிப் போய்ச் சேர்ந்தார் என்று சொல்லி உடலையும் உடனே எரித்துவிடுவார்கள். வாயைத் திறக்கப் போகிற ஒரே ஆள் யார் என்பதில்தான் பதற்றம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஒரு கொடூர மருமகளைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தினால், மற்ற அத்தனை பேரையும் நாவல் தப்பவிட்டுவிட்டது என்று, ஆள் யார் எனச் சொல்லாமலே, தயங்காமல் எழுதுங்கள்.

விசாரணையையும் சரிபாருங்கள். எரித்த பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கை எங்கிருந்து வந்தது? கதை 2010இல் நடக்கிறது என்றால் கொலை வழக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302இல் வரும். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 103 நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலையில்தான். இப்படி ஒன்றிரண்டு காட்டினால் போதும், அடுக்க வேண்டாம்.

வறுமை, கூலி வேலை, பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, எல்லாம் நாவலில் இருக்க வேண்டும்தான், ஆனால் அதை வைத்துக் கருணைக்கொலை என்று மெழுகினால் விடாதீர்கள், ஊரையே காட்டுமிராண்டிகளாகக் காட்டினாலும் விடாதீர்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், நாவலில் சாகடிக்கப்படும் அந்தப் பாட்டிக்கு எத்தனை பக்கம் கிடைத்தது என்பது. எண்ணெய்க் கிண்ணத்துக்கு இரண்டு பக்க வர்ணனை இருக்கும், அதைக் கொண்டுவந்த மகனை அவள் நிமிர்ந்து பார்த்தாளா, வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாளா என்று ஒரு வரி இருக்காது. அந்தப் பத்தியை அப்படியே மேற்கோள் காட்டி, பக்க எண்ணையும் போடுங்கள். முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.