வெற்று எக்ஸ்எம்எல்என்எஸ்ஸை அழிக்காதீர்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஏற்றுமதி பில் மென்பொருள் எழுதுகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எக்ஸ்எம்எல் ஃபைலில் தெரிந்த வெற்று எக்ஸ்எம்எல்என்எஸ்ஸை (மேற்கோளுக்குள் ஒன்றுமில்லாத நேம்ஸ்பேஸ் அறிவிப்பு; ஒரு பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று சொல்வதுதான் நேம்ஸ்பேஸ்) ரீப்ளேஸ் போட்டு நீக்கிக்கொண்டிருந்தார். 12 வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. பார்த்ததும் வயிறு எரிந்தது. டேக்கை மூட மறப்பதையெல்லாம் ஃபைலைப் படிக்கும் பார்சரே காட்டிக்கொடுக்கும், அதை விடுங்கள். இந்தத் தப்பையும் கீழே வரும் மற்றத் தப்புகளையும் அது காட்டிக்கொடுக்காது.

ரீப்ளேஸ் போட்டு அழிப்பது

டாட்நெட்டில் எக்ஸ்எம்எல்டாக்குமென்ட் என்ற லைப்ரரி வைத்து யூபிஎல் (மின்னணு பில்லுக்கான பொது வடிவம்) இன்வாய்ஸ் கட்டுகிறோம். எல்லாவற்றையும் சுற்றி வரும் வேர் எலிமென்டுக்கு நேம்ஸ்பேஸ் கொடுத்தாயிற்று. உள்ளே வரும் ஐடிக்கு, கிரியேட்எலிமென்டில் பெயரை மட்டும் கொடுக்கிறோம். அப்பனுடையது பிள்ளைக்குத் தானாக வந்துவிடும் என்ற நினைப்பு. வராது. எலிமென்ட் உருவாகும்போதே அதன் நேம்ஸ்பேஸ் முடிவாகிவிடும், பிறகு எங்கே கொண்டுபோய் ஒட்டினாலும் மாறாது. அதனால்தான் ஃபைலில் ஐடி மேல் வெற்று எக்ஸ்எம்எல்என்எஸ் வந்து உட்காருகிறது.

நம்ம பக்கம் புதுப்பாளையம் எத்தனை இருக்கிறது! லாரி ஆபீஸில் தாலுகா எழுதாமல் பார்சல் போட்டால் எங்கே போய்ச் சேரும்? நேம்ஸ்பேஸ்தான் அந்தத் தாலுகா. வெற்று எக்ஸ்எம்எல்என்எஸ் என்றால், "இதற்குத் தாலுகா எழுதவில்லைங்க" என்று லைப்ரரி நம்மிடம் சொல்கிறது. நான் அதைக் குப்பை என்று நினைத்து அழித்தேன்.

ஃபைல் பார்க்கச் சுத்தமாக இருந்தது. சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. ஐரோப்பிய வாங்குநரின் கணினி பில்லைத் திருப்பிவிட்டது: ஐடி இல்லையாம். ஐடி கண்முன்னே இருக்கிறது! மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். யூபிஎல்லில் வேருக்கு இன்வாய்ஸ்-2 என்று முடியும் நேம்ஸ்பேஸ். ஐடி, தேதி போன்ற சில்லறை விவரங்களுக்கு காமன்பேசிக்காம்பொனென்ட்ஸ்-2 என்று முடியும் வேறொன்று. நான் அழித்ததும் ஐடி மேலே இருந்த இன்வாய்ஸ்-2க்குள் போய் விழுந்துவிட்டது. பணம் தள்ளிப்போய், அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு முதலாளி கைமாத்து வாங்கினார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

டிஜிட்டல் கையொப்பம் போட்ட ஃபைலில் இப்படிச் செய்தால் கையொப்பமே செல்லாமல் போகும்.

கிரியேட்எலிமென்டுக்குப் பெயரோடு நேம்ஸ்பேஸையும் கொடுங்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும், பேரனுக்கும். செட்ஆட்ரிபியூட் வைத்து எக்ஸ்எம்எல்என்எஸ் எழுதினாலும் எலிமென்டின் நேம்ஸ்பேஸ் மாறாது. டாட்நெட்டின் இன்னொரு வழியான எக்ஸ்எலிமென்டில் எக்ஸ்நேம்ஸ்பேஸோடு பெயரைக் கூட்டல் குறியால் சேர்க்க வேண்டும். பைத்தானின் எலிமென்ட்ட்ரீயிலும் இதே கதைதான். சப்எலிமென்ட் அப்பனிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாது. நெளிவு அடைப்புக்குள் நேம்ஸ்பேஸ், அதை ஒட்டிப் பெயர் என்று எழுதுங்கள்.

முன்னொட்டைப் பார்த்து ஒப்பிடுவது

கோபி என்றாலும் கோபிசெட்டிபாளையம் என்றாலும் ஊர் ஒன்றுதான். டேக் பெயருக்கு முன்னால் ஒட்டி வரும் சுருக்கம்தான் முன்னொட்டு. அது சிபிசி என்று வந்தாலும் என்எஸ்0 என்று வந்தாலும், அது எந்த நேம்ஸ்பேஸைக் குறிக்கிறது என்றே பாருங்கள்.

எக்ஸ்பாத்தில் வெறும் பெயர்

எக்ஸ்எம்எல்லுக்குள் தேட உதவும் எக்ஸ்பாத் 1.0 முன்னொட்டில்லாத பெயருக்கு, நேம்ஸ்பேஸ் இல்லாத எலிமென்டை மட்டுமே தேடும். கிடைக்கவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

எச்டிடிபியை எச்டிடிபிஎஸ் ஆக்குவது

நேம்ஸ்பேஸ் வலை முகவரி போல எச்டிடிபியில் தொடங்கினாலும் வேண்டவே வேண்டாம். 1999இல் டபிள்யூ3சி வகுத்தபடி நேம்ஸ்பேஸ்கள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படுகின்றன. கடைசிச் சாய்கோடு ஒன்று கூடினாலும் அது வேறு ஊர்.

ஆட்ரிபியூட்

டேக்குக்குள் பெயரும் மதிப்புமாக வரும் விவரம் இது. முன்னொட்டில்லாத நேம்ஸ்பேஸ் அறிவிப்பு இதைத் தொடாது.