கறள் பிடிக்காமலே வெடிக்கும் உருக்கு: ஆலைகளில் விடப்படும் பிழைகள்

பூநகரிப் பக்கம் மொட்டைக்கறுப்பன் நெல் அவிப்பவர்களுக்குச் சவர்த்தண்ணீர் புதிதல்ல. ஆனால் அந்தத் தண்ணீரைச் சூடாக்கும் எவர்சில்வர் தொட்டி, பளபளப்புச் சற்றும் மங்காத நிலையில், உருக்கிப் பொருத்திய ஒட்டின் ஓரத்தில் மயிரிழையாக வெடித்துக் கசியத் தொடங்கினால் எவரும் திகைப்பர்.

கறளைத் தேடுவதே முதற் பிழை. இழுவிசையும் அந்த உலோகத்துக்கு ஒவ்வாத இரசாயனமும் ஒருங்கே தாக்கும்போது உண்டாகும் தகைப்பு அரிப்பு வெடிப்பு, தகட்டை மெலிய வைக்காமல் குறுக்கே ஊடுருவிச் செல்வதால், தடிப்பை அளந்து பார்த்தும் பயனில்லை. சிவப்புச் சாயத்தைப் பூசி ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால், வேர் பிரிந்தாற்போலக் கிளைவிட்ட கோடுகள் எழுந்து நிற்கும்.

தொட்டியில் பாரமே இல்லையே என்று வாதிடுவதும் தவறு. ஒட்டு ஆறிச் சுருங்கும்போது தகட்டுக்குள் அகப்பட்டுக்கொள்ளும் இழுவிசையே வெடிப்புக்குப் போதும். வெடித்த இடத்தின்மேலேயே மீண்டும் ஒட்டுபவர், புதிய இழுவிசையை அங்கேயே ஏற்றிவிடுகிறார்.

எவர்சில்வருக்கு ஒவ்வாத இரசாயனம் உப்பிலுள்ள குளோரைட்டு. தண்ணீரில் அது குறைவு என்ற சோதனை அறிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். நீர்மட்டம் ஏறியிறங்கும் விளிம்பிலும், கசிவில் நனைந்த வெப்பக்காப்புப் பஞ்சின் அடியிலும் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு அங்கேயே செறிகிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல், 304 எனப்படும் சாதாரண எவர்சில்வர் வகை இதற்கு எளிதில் இரையாகும். கூடுதல் விலை கொடுத்து 316 வகையை வாங்கினால், அதிலுள்ள மொலிப்தினம் வெடிப்பைத் தள்ளிப்போடுமே தவிர முற்றாகத் தடுக்காது. சூடான சவர்த்தண்ணீருக்கு 2205 போன்ற, இருவகைப் படிகக் கட்டமைப்புக் கலந்த டூப்ளெக்ஸ் எவர்சில்வரே என் தெரிவு. அந்த 60 பாகையும் உறுதியான எல்லையல்ல. 1985 இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில், உள்ளக நீச்சற்குளமொன்றின் கொங்கிறீற்று உட்கூரையைத் தாங்கிய எவர்சில்வர் கம்பிகள் குளோரைட்டினால் வெடித்து அறுந்ததில் 12 பேர் மாண்டனர். அங்கே கொதிநீர் எதுவும் இருக்கவில்லை.

ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடா (சோடியம் ஐதரொட்சைட்டு) தயாரித்த மண் இது. எரிசோடா சாதாரண உருக்கை ஒன்றும் செய்யாது என்ற பேச்சு இங்கே எளிதில் எடுபடும். குளிர்ந்த கரைசலுக்கு அது பெரும்பாலும் சரி. 50 சதவீதக் கரைசலை நீராவிக் குழாயால் சூடாக்கும் தொட்டியிலோ, அக்குழாய் பொருந்தும் ஒட்டிலேயே வெடிப்புத் தொடங்கலாம். ஒட்டுவேலை முடிந்த தொட்டியை ஏறத்தாழ 620 பாகைக்குச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் உள்ளிழுவிசை பெருமளவு தளரும். செலவு கருதிப் பட்டறைகள் தவிர்க்க முனையும் வேலை இது. வெப்பப் பதிவுத் தாளைக் கண்ணால் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.